எண்ணெய்க்குள் கணினி: வன்னி வெக்கைக்குச் சரிவருமா?

கணினியை எண்ணெய்க்குள் மூழ்க வைத்துக் குளிர்த்துவது பற்றிக் கேட்டவர்களுக்கு, திருத்த வேலை செய்கிறவன் என்ற முறையில் என் பதில்கள்.

கிளிநொச்சி: அண்ணை, எண்ணெய்க்குள்ள போட்டா ஷோட் ஆகாதா?

சுத்தமான மினரல் ஒயில், அதாவது பெற்றோலியத்தில் இருந்து எடுக்கிற தெளிந்த எண்ணெய், மின்சாரத்தைக் கடத்தாது தம்பி. 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கணினியே மின்கடத்தாத திரவத்துக்குள் மூழ்கித்தான் ஓடியது. எண்ணெய்க்குள் தண்ணீரும் புழுதியும் சேர விடக்கூடாது, அதுதான் முக்கியம்.

முள்ளியவளை: வீட்டில தேங்காய் எண்ணெய் ஆட்டுறம். அது காணாதா?

வேண்டாம் தங்கச்சி. 24 பாகைக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். மார்கழி விடியப்புறத்தில் பம்ப் இழுக்காது. சூட்டில் நாள்பட நாள்படக் காறி மணக்கும். நல்லெண்ணெயும் கெட்டுத் தடித்துப்போகும்.

வவுனியா: மத்தியானத்தில கேம் விளையாடினா மெஷின் தானா நிக்குது. எண்ணெய் போட்டா தீருமா?

எண்ணெய் சூட்டைத் தின்றுவிடாது, சுமந்து மட்டும் போகும். 40 லீற்றர் எண்ணெய்க்குள் 200 வாட் சூடு இறங்குகிறது என்று வையுங்கோ. அந்தச் சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் மணித்தியாலத்துக்குப் பத்துப் பதினொரு பாகை ஏறும். முதல் ஒரு மணித்தியாலம் 'ஆகா' என்று இருக்கும், பின்னேரம் தொட்டியே கொதிப்பாய் இருக்கும். பம்ப் வைத்து, ரேடியேற்றர் பூட்டி, அதுக்கு விசிறியும் போட வேண்டும். அப்படிச் செய்தாலும் அறைக் காற்றைவிடக் குளிராது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மத்தியானம் அறை எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. சோளகக் காற்றுக்கு அடைந்த புழுதியை முதலில் ஊதித் தள்ளுங்கோ. பிராசஸருக்கு மேலே காய்ந்துபோன, சூடு கடத்துகிற பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கோ. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். என்னிடம் வருகிற அநேக மெஷின் இதிலேயே சரியாகிவிடுகிறது.

மாங்குளம்: பழைய ட்ரான்ஸ்போமர் ஒயில் மலிவா வாங்கலாம் எண்டு ஒருத்தர் சொல்றார்.

தொடவே தொடாதேங்கோ. பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெய்களில் பொலிகுளோரினேற்றட் பைபீனைல் என்ற நச்சு இரசாயனம் கலந்திருக்கக்கூடும். அது புற்றுநோய் தரும், தோலாலும் உடம்புக்குள் போகும், மண்ணில் விழுந்தால் இலேசில் அழியாது. நாங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற சனம். வளவுக்குள் ஒரு துளிகூடச் சிந்த விடக்கூடாது. மலிவு என்று யார் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கோ.

மல்லாவி: ஹாட் டிஸ்க்கையும் உள்ள போடலாமா?

இல்லை. அதில் காற்றுப் போய்வரச் சின்னத் துளை உண்டு. எண்ணெய் புகுந்தால் தட்டு சுழலாது, தரவும் போகும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்றால் பரவாயில்லை.

ஒட்டுசுட்டான்: பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஆசை. எறிய வைத்திருக்கிற மெஷின் ஒன்று இருக்கு.

இதுக்குத்தான் ரீச்சர் நான் மனதார ஓம் சொல்வேன். கண்ணாடி மீன்தொட்டி, புது மினரல் ஒயில், ஒரு வெப்பமானி. பத்து நிமிடத்துக்கு ஒருக்கா பிள்ளைகள் வெப்பநிலையைக் குறித்து வரைபு கீறட்டும். 230 வோல்ற் வருகிற பவர் சப்ளை வெளியே, உயரத்தில் இருக்கட்டும். வயர் வழியே எண்ணெய் மெல்ல மெல்ல ஏறிக் கசியும், அதனால் வயரைக் கீழே வளைத்து ஒரு தட்டு வையுங்கோ. நாளாக வயரின் பிளாஸ்ரிக் உறை விறைத்து வெடிக்கும். மாதக்கணக்கில் ஊற வைக்க வேண்டாம். ஒருக்கா எண்ணெயில் தோய்ந்த மதர்போர்ட்டை முழுதாகத் துடைத்தெடுக்கவும் ஏலாது, ஆகவே நல்ல மெஷினில் கைவைக்க வேண்டாம்.