குழாயின் இரு முனைகளும் எங்கே போகின்றன?

கேள்வி: பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற ஒரு பழைய கார் என் கைக்கு வந்திருக்கிறது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பொருத்திய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பானட்டைத் திறந்தால், எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகளில் நிற்கும் வட்டமான உலோகப் பாகம், மூன்று முனைகள் கொண்ட சிறு பிளாஸ்டிக் குப்பி, கார்புரேட்டரின் மேல் ஒற்றை ஒயருடன் ஒரு பித்தளைத் துண்டு, எதிலும் இணையாமல் தொங்கும் மெல்லிய ரப்பர் குழாய் ஆகியவை தெரிகின்றன. கையேடு இல்லை. எது என்னவென்று எப்படி அறிவது?

பதில்: ஒவ்வொரு பாகத்தையும் தனியாகப் பார்த்துப் பெயர் தேடினால் குழப்பமே மிஞ்சும். பெட்ரோல் தொட்டியில் தொடங்கி, பெட்ரோல் போகும் திசையிலேயே கையால் தொட்டுக்கொண்டு கார்புரேட்டர் வரை வாருங்கள். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வையுங்கள். பானட்டுக்குள் இருக்கும் ரப்பர் குழாய்களில் சில பெட்ரோலையும் சில வெறும் காற்றையும் வேறு சில ரேடியேட்டர் தண்ணீரையும் கொண்டு செல்கின்றன. நிறத்தையோ பருமனையோ வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஒரு குழாயின் இரு முனைகளும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதே நம்பத்தக்க அடையாளம்.

நீங்கள் சொல்லும் வட்டமான உலோகப் பாகம் பெட்ரோல் பம்ப். எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டான கேம்ஷாஃப்டில் உள்ள ஒரு மேடு சுழலும்போது பம்பின் நெம்புகோலைத் தள்ள, உள்ளிருக்கும் டயாஃப்ரம் என்னும் நெகிழும் சவ்வு ஏறி இறங்கிப் பெட்ரோலை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. தொட்டியிலிருந்து வரும் குழாய் சேரும் முனை உள்வழி, கார்புரேட்டரை நோக்கிப் போகும் முனை வெளிவழி. பல பம்புகளின் அடிப்பகுதியில் ஒரு சிறு துளை இருக்கும். அதை யாரோ தெரியாமல் போட்டதாக எண்ணி அடைத்துவிட வேண்டாம். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் அந்தத் துளை வழியே கசிந்து நமக்குச் செய்தி சொல்லும். அது கிழிந்த நிலையில் பெட்ரோல் எஞ்சின் ஆயிலிலும் கலக்கலாம் என்பதால், ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயிலின் அளவு குறிக்கு மேலே ஏறியிருந்தாலோ எஞ்சினை ஓட்டவே கூடாது.

மூன்று முனைக் குப்பி பெட்ரோல் பில்டர். ஒன்று உள்ளே வர, மற்றொன்று கார்புரேட்டருக்குப் போக, மூன்றாவது முனை மிகுதிப் பெட்ரோலையும் ஆவியையும் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. எஞ்சின் சூட்டில் குழாய்க்குள் ஆவி தேங்கிப் பெட்ரோலின் ஓட்டத்தைத் தடுக்கும் தொல்லையைக் குறைப்பதற்காகவே இந்தத் திரும்பும் வழி. இரண்டு முனை பில்டரை வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பும் குழாயை அடைத்து வைத்திருக்கும் பழைய கார்கள் ஏராளம். அவை வெயிலில் நின்று கிளம்பும்போது மக்கர் செய்தால் வியப்பில்லை. பில்டரின் உடலில் ஓர் அம்புக்குறி இருந்தால் அது கார்புரேட்டரின் பக்கம் நோக்க வேண்டும்.

ஒற்றை ஒயருடன் நிற்கும் பித்தளைத் துண்டு, ஐடில் வழியை, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழியை, மூடும் சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் அடைப்பான்). சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் தானாக விக்கி விக்கி ஓடுவதைத் தடுப்பது இதன் வேலை. மற்றவற்றையெல்லாம் பார்த்து முடித்துப் பேட்டரியை மீண்டும் இணைத்தபின், சாவியைத் திருப்பும்போது இதிலிருந்து ‘டிக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். ஒயர் கழன்றிருந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓடும் எஞ்சின் காலை எடுத்ததும் நின்றுவிடும். இது தெரியாமல் கார்புரேட்டரையே பிரித்துப் போடுபவர்கள் உண்டு.

தொங்கும் மெல்லிய குழாய்தான் அதிகம் யோசிக்க வைப்பது. அதன் மறுமுனை, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒட்டியுள்ள தட்டையான வட்ட டப்பாவுக்குப் போகிறது என்றால், அது தீப்பொறியின் நேரத்தை முன்தள்ளும் வாக்யூம் குழாய் (எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு செல்லும் குழாய்). அதன் இடம் பெரும்பாலும் கார்புரேட்டரில், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டில் தகட்டுக்குச் சற்றே மேலே உள்ள சிறு முனை. அருகிலேயே வேறொரு முனையும் இருந்து ஐயம் எழுந்தால், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது விரலை வைத்துப் பாருங்கள்: தகட்டுக்குக் கீழே உள்ள முனை அப்போதே வலுவாக இழுக்கும், மேலே உள்ளது ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் திறந்த பின்னரே இழுக்கும். கீழ் முனை திறந்து கிடந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து, ஐடில் தடுமாறும். ஆனால் திறந்திருக்கும் எல்லா வாய்களையும் அடைப்பதும் தவறு. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் மேற்பகுதியில் உள்ள காற்றுவழி திறந்தே இருக்க வேண்டியது, அல்லது ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குப் போக வேண்டியது. அதை அடைத்தால் பெட்ரோலின் அளவு கெட்டுவிடும்.

கார்புரேட்டரில் திருகிகளையும் தொடுவதற்கு முன் பிரித்தறியுங்கள். முனை வெளியே தெரிந்து, திராட்டில் நெம்புகோலைத் தள்ளிக்கொண்டிருப்பது ஐடில் வேகத் திருகி. ஸ்பிரிங்குடன் உடலுக்குள் புகுந்து மறைவது ஐடில் கலவைத் திருகி. அதை உள்ளே இறுக்கிவிட்டால் கூர்முனை சிதைந்துவிடும். மூன்று திருகிகளால் பிடித்த வட்ட மூடி தெரிந்தால் அது தானியங்கி சோக் (குளிர்ந்த எஞ்சின் கிளம்பக் கலவையைச் செறிவாக்கும் அமைப்பு). அதற்கு வரும் தடித்த குழாய்கள் தண்ணீருக்கானவை.

கடைசியாக, எஞ்சின் நின்ற நிலையில் ஏர் பில்டரைக் கழற்றி, சோக் தகட்டைத் திறந்து பிடித்து, வாயின் உள்ளே பார்த்தபடி திராட்டிலைக் கையால் வேகமாகத் திறந்துவிடுங்கள். மெல்லிய பெட்ரோல் பீச்சு தெரிந்தால், மிதவை அறையில் பெட்ரோல் இருக்கிறது, ஆக்ஸிலரேட்டர் பம்ப் வேலை செய்கிறது என்று பொருள். பல ஆண்டு பழைய பெட்ரோலை அதற்கு முன்பே வடித்துவிடுங்கள். வெடிப்பு விட்ட குழாய்களையும் மாற்றுங்கள். வாக்யூம் குழாய் பெட்ரோலைத் தாங்காது, பெட்ரோலுக்கென்று குறியிட்ட குழாயையே வாங்க வேண்டும்.

கேள்வி: என் காரின் கார்புரேட்டர் மேல் மணி வடிவில் ஓர் உலோகக் கூடு இருக்கிறது, சோக் தகட்டையே காணவில்லை. பாகம் ஏதேனும் தொலைந்துவிட்டதா?

பதில்: தொலையவில்லை. அது எஸ்யூ வகைக் கார்புரேட்டராக இருக்க வேண்டும். அதில் சோக்கை இழுத்தால் தகடு மூடுவதில்லை. அடியிலுள்ள ஜெட் (பெட்ரோல் வரும் சிறு குழல்) கீழிறங்கிக் கலவையைச் செறிவாக்குகிறது. கூட்டின் உச்சியிலுள்ள மூடியைத் திருகி எடுத்தால் ஒரு மெல்லிய தண்டு வரும். அதற்குக் கீழே ஆயில் இருக்க வேண்டும். அது வற்றியிருந்தால், ஆக்ஸிலரேட்டரைத் திடீரென மிதிக்கும்போது எஞ்சின் திணறும்.

கேள்வி: பழைய பம்ப் பழுதாகிவிட்டது. இன்ஜெக்‌ஷன் காரின் மின்சாரப் பம்பை அதற்குப் பதிலாகப் பொருத்தலாமா?

பதில்: வேண்டாம். கார்புரேட்டருக்குத் தேவையான அழுத்தம் பொதுவாக சதுர அங்குலத்துக்கு 3 முதல் 6 பவுண்டு வரைதான். இன்ஜெக்‌ஷன் பம்பின் அழுத்தம் பெரும்பாலும் 40 பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மிதவையின் ஊசி வால்வு அதைத் தாங்காமல் திறந்துகொள்ள, பெட்ரோல் பொங்கி சூடான மேனிபோல்டின் மேல் வழியும். கார்புரேட்டருக்கென்றே செய்யப்பட்ட குறைந்த அழுத்த மின்பம்பு கிடைக்கிறது. ஆனால் எஞ்சின் நின்றாலும் சாவி திறந்திருக்கும்வரை அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால், மோதலிலோ எஞ்சின் அணைந்தாலோ மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். என் கருத்தில், பழைய பம்புக்கு டயாஃப்ரம் கிட் கிடைத்தால் அதையே மாற்றுவது நல்லது. மின்பம்புதான் வழி என்றால், பழைய பம்பைக் கழற்றிய இடத்திலுள்ள துளையை கேஸ்கெட்டுடன் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தாளுடன்) கூடிய தகட்டால் மூடிவிடுங்கள். இல்லையெனில் அங்கிருந்து எஞ்சின் ஆயில் வெளியே தெறிக்கும்.