சார்ட்டர் விழா: அவிழாத கொடியும் இடது கைக் குலுக்கலும்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 4 அணிகள், 30 பிள்ளைகளுடன் சாரணர் குழு தொடங்கியிருக்கிறோம். குழுவுக்கான அங்கீகாரச் சான்றான சார்ட்டரை வழங்க மாவட்ட ஆணையர் வருகிறார். அன்றே எல்லாருக்கும் சின்னம் சூட்டிவிடலாமா?
வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். ஒரு பிள்ளை முன்னால் வந்து, உறுதிமொழி சொல்லி, ஸ்கார்ஃபும் பேட்ஜும் வாங்கிக்கொண்டு வரிசைக்குத் திரும்ப 2 நிமிடம் ஆகும். 30 பேர் என்றால் அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். அணித் தலைவர்கள் 4 பேருக்கு மட்டும் அன்று சூட்டுங்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கூட்ட நாளில், அணி அணியாக வைத்துக்கொள்ளலாம். பிரவேஷ் என்னும் தொடக்கநிலைப் பாடம் முடிக்காத பிள்ளையை விழாவுக்காக அவசரப்படுத்தவும் வேண்டியிராது.

மொத்த விழா 50 நிமிடம் போதும். இறைவணக்கம் 90 விநாடி, கொடிப்பாடல் 45 விநாடி, நாட்டுப்பண் 52 விநாடி. இவை ஒருபோதும் நீளாது. நீள்வது வரவேற்புரையும் பொன்னாடையும்தான். பொன்னாடையை விட்டுவிட்டு, விருந்தினருக்கு உங்கள் குழு ஸ்கார்ஃபை ஒரு குருளையர் (சாரணரில் இளைய பிரிவுப் பிள்ளை) கையால் அணிவியுங்கள். மாலையில் திறந்தவெளியில் நடத்தினால் பிள்ளைகள் மேற்கு பார்த்து நிற்கக் கூடாது. டிபனும் தண்ணீரும் கொடுத்தபின் அணிவகுக்கச் சொல்லுங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்கிற பிள்ளைதான் முதலில் மயங்கும். ஐப்பசி, கார்த்திகை என்றால் யோசிக்காமல் ஹாலைப் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: ஒத்திகையில் கயிற்றை இழுத்தும் கொடி அவிழவில்லை. பலமாக இழுத்தால் முடிச்சு இன்னும் இறுகுகிறது. என்ன தவறு?
சாரண ஆசிரியை, தாம்பரம்

பதில்: பெரும்பாலும் கயிற்றின் நுனியையே உள்ளே செருகியிருப்பீர்கள். செருக வேண்டியது மடித்த வளையம். கொடியை நீளவாக்கில் இரண்டு முறை மடியுங்கள். பிறகு பறக்கும் முனையிலிருந்து கயிற்றுப் பக்கம் நோக்கி, விசிறிபோல ஒரு சாண் அகலத்துக்கு மடித்து வாருங்கள். கொடியின் கீழ்க்கயிற்றை அந்தக் கட்டின்மேல் இரண்டே சுற்று சுற்றி, கயிற்றை வளையமாக மடித்துக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகுங்கள். அந்தக் கயிற்றின் மீதிப் பகுதி கம்பத்துக் கயிற்றோடு சேர்ந்து கீழே இறங்க வேண்டும். இழுத்ததும் வளையம் உருவிக்கொண்டு வரும். மூன்றாவது சுற்று போட்டால் சிக்கும்.

பூவிதழ் வைப்பதானால் ஈரமில்லாமல் வையுங்கள். பூக்கடையில் தண்ணீர் தெளித்தே தருவார்கள். அப்படியே வைத்தால் இதழ் துணியோடு ஒட்டி, சாயமும் இறங்கும். அரை மணி நேரம் செய்தித்தாளில் பரப்பி வைத்தால் போதும். இழுக்கப் போகிற பிள்ளையே மடிக்கட்டும். மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நான்காவதாக மடித்ததை ஏற்றுங்கள்.

ஹாலில் கம்பம் நட வழியில்லை என்றால் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் மணல் நிரப்பினால் 30 கிலோ எடை கிடைக்கும். கம்பத்தை நிறுத்துமுன் மேலே மின்விசிறி இருக்கிறதா என்று பாருங்கள்! மேடையில் தேசியக் கொடியும் வைத்தால் அது பேசுபவரின் வலப்பக்கம், அதாவது பார்வையாளருக்கு இடப்பக்கம். மேசை விரிப்பாக அதைப் போடவே கூடாது.

கேள்வி: சாரணர்கள் இடது கையால் குலுக்குவதைப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களே?
வாசகி, மயிலாப்பூர்

பதில்: சுளிப்பார்கள். நமக்கு இடது கையால் எதையும் கொடுப்பது மரியாதைக் குறைவு அல்லவா? அதனால் தொகுப்பாளர் முன்னதாகவே ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும்: "வலது கை வணக்கம் செய்ய, இடது கை தோழமைக்கு." விருந்தினரிடமும் காதில் போட்டுவையுங்கள், பழக்கத்தில் வலது கையை நீட்டினால் இருவரும் மேடையில் தடுமாறுவார்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் வணக்கம், அடுத்து இடது கைக் குலுக்கல், அதற்குப் பிறகே சார்ட்டர். அதுவரை சார்ட்டர் போட்ட கண்ணாடிச் சட்டம் தட்டில் இருக்கட்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் இரு கையாலும் பிடித்தால் பெரியவர்களுக்கும் திருப்தி. உங்கள் குழுவைத் தாங்கும் பள்ளி அல்லது சங்கத்தின் தலைவர், குழுத் தலைவரோடு சேர்ந்து வாங்குவது நல்லது. அவர் அறையில்தானே அது தொங்கப் போகிறது. கண்ணாடிச் சட்டம் ஃபிளாஷில் வெள்ளையாகத் தெறிக்கும். படமெடுக்கும்போது மேல்விளிம்பைச் சற்று முன்பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குத்துவிளக்கு ஏற்றும்போது ஒவ்வொரு முறையும் அணைந்துவிடுகிறதே?
வாசகர், ஆவடி

பதில்: மேடை ஃபேன்தான். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சாரணரை நிறுத்துங்கள். திரியை இரட்டையாக்கி, நல்லெண்ணெயில் முந்தைய நாளே ஊறவையுங்கள். ஐந்து முகமும் எரிந்த பிறகும் இரண்டு நிமிடம் ஃபேன் போட வேண்டாம்.