குதிரைப் பண்ணை விற்பனைக்கு: விலையைப் பார்க்கும் முன் வில்லங்கத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் சன்னிவேலில் வசிக்கும் நான்கு குடும்பங்கள். கலிபோர்னியாவின் சோனோமா கவுன்டியில் (மாவட்டம்), திராட்சைத் தோட்டப் பகுதியில் 60 ஏக்கர் குதிரைப் பண்ணை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நூறாண்டு பழைய லாயம் இருப்பதால் ‘வரலாற்றுச் சிறப்பு மிக்கது’ என்கிறார்கள். வில்லியம்சன் சட்டத்தின் கீழ் வரி மிகக் குறைவு. இரண்டு தனி மனைகள், பின்னாளில் ஒன்றை விற்றே கடனை அடைக்கலாம் என்கிறார் விற்பவரின் ஏஜென்ட். எங்களுக்கும் அவரே ஏஜென்டாக இருப்பதாகச் சொல்கிறார். வார இறுதிகளில் வீட்டை வாடகைக்கு விட்டு, லாயத்தில் திருமணங்கள் நடத்த எண்ணம். இரண்டு குடும்பங்களுக்குக் கிரீன் கார்டு, மற்ற இரண்டும் எச்-1பி வேலை விசா. எல்எல்சி (பங்குதாரர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) தொடங்கி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், உங்கள் விசா அதற்குத் தடையில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வருமானக் கணக்கு அந்த ஏஜென்ட் போட்டுக் கொடுத்தது என்பது நன்றாகவே தெரிகிறது.

குறைந்த வரியில்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். நிலத்தை விவசாயத்துக்கே வைத்திருப்பேன் என்று உரிமையாளர் கவுன்டிக்கு எழுதிக் கொடுத்தால் வரி குறையும். 1965ஆம் ஆண்டின் வில்லியம்சன் சட்டம் அவ்வளவுதான். விற்றவர் போய்விடுவார், ஒப்பந்தம் நிலத்தோடு உங்களிடம் வரும். குறைந்தது 10 ஆண்டு. ஆண்டுதோறும் தானாகவே இன்னோர் ஆண்டு நீண்டுகொண்டே போகும். வேண்டாம் என்று இன்றே எழுதிக் கொடுத்தாலும் அது முடிய 9 ஆண்டு ஆகும், அதற்குள் வரியும் படிப்படியாக ஏறிவிடும். உடனே ரத்து செய்ய வேண்டுமென்றால், கட்டுப்பாடில்லாத சந்தை மதிப்பில் 12.5 சதவீதம் கட்டணம். அதற்கும் கவுன்டி மேற்பார்வையாளர் குழு இசைய வேண்டும். ‘லாபம் வரவில்லை’ என்பது மட்டும் அங்கே எடுபடாது. ஒப்பந்த நிலத்தில் வீட்டை விடுமுறை வாடகைக்கு விட சோனோமா அனுமதிப்பதில்லை. ஆக, உங்கள் வார இறுதி வாடகைத் திட்டம் ‘வில்லியம்சன் சட்டத்தின் கீழ்’ என்ற அந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகிறது. விற்பவரின் வரி ரசீதையும் நம்பாதீர்கள். கைமாறியதும் வீட்டுக்கும் அதைச் சுற்றிய இடத்துக்கும் உங்கள் கொள்முதல் விலைப்படி புதிய மதிப்பு போடுவார்கள்.

அடுத்து அந்த ‘இரண்டு தனி மனைகள்’. ஏஜென்ட் காட்டியது அசெஸர் (சொத்து வரி மதிப்பீட்டாளர்) அலுவலகத்தின் இரண்டு எண்களாகத்தான் இருக்கும். அவை வரி போடுவதற்கான எண்கள் மட்டுமே. ஊரில் பட்டாவைக் காட்டாமல் வீட்டு வரி ரசீதைக் காட்டி மனை விற்கிறவர்கள் இல்லையா, அந்த வித்தைதான். ஒவ்வொரு மனையும் சட்டப்படி தனியாக உருவானதுதான் என்று கவுன்டி தரும் இணக்கச் சான்றிதழைக் கேளுங்கள். அது இல்லாமல் ‘ஒன்றை விற்றுக் கடனை அடைக்கலாம்’ என்பது வெறும் பேச்சு.

லாயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தால், அதனாலேயே தனியார் உரிமையாளரின் கை கட்டப்படுவதில்லை. கட்டுவது உள்ளூர் அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியல்தான். அதைத்தான் விசாரிக்க வேண்டும். விவசாயக் கட்டடம் என்று அனுமதி விலக்குப் பெற்ற கொட்டகையில் பொதுமக்களைக் கூட்டக் கூடாது. திருமணத்துக்குத் தனிப் பயன்பாட்டு அனுமதி வேண்டும். ஒப்பந்த நிலத்தில் அதை எதிர்பார்த்துப் பணம் போடாதீர்கள். எத்தனை படுக்கையறைக்கு அனுமதி என்று சொல்லும் செப்டிக் (கழிவுநீர்த் தொட்டி) அனுமதித் தாளையும் வாங்கிப் பாருங்கள். விளம்பரத்தில் ஆறு படுக்கையறை இருக்கும், தாளில் மூன்றுதான் இருக்கும்.

இப்போது ஏஜென்டுக்கு வருகிறேன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே ஏஜென்ட் இருப்பது, இருவரும் எழுத்தில் சம்மதித்தால், கலிபோர்னியாவில் சட்டப்படி செல்லும். செல்லும் என்பதற்காகச் சம்மதிக்க வேண்டுமா? விற்பவர் எவ்வளவுக்கு இறங்குவார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், உங்களிடம் அதைச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவருக்கு ஏன் கமிஷன்? பண்ணை நிலம் விற்றுப் பழகிய தனி ஏஜென்டையும், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நில வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ளுங்கள். ‘வேறு ஒருவர் முழுப் பணத்தோடு வந்துவிட்டார், ஆய்வு நிபந்தனைகளை விட்டுக்கொடுங்கள்’ என்று தொலைபேசி வரும். கட்டாயம் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். வழக்கமான படிவம் ஆய்வுக்குத் தருவது 17 நாள். கவுன்டியின் அனுமதி அலுவலகமான பெர்மிட் சோனோமாவில் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க அது எந்த மூலைக்கு? திட்டப் பிரிவு சுகாதாரப் பிரிவைக் கேள் என்று சொல்லும், அவர்கள் கிணற்றுக் கோப்பைக் கொண்டு வா என்பார்கள், கோப்பு 1970களின் மைக்ரோஃபிலிமில் கிடக்கும். கோடிக்கணக்கில் பணம் புரளும் நிலத்துக்கு இன்னும் இப்படித்தான் அலைய வேண்டியிருக்கிறது. எனவே 60 நாள் கேளுங்கள். தர மறுத்தால் ஏன் மறுக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

உங்கள் எல்எல்சியில் ஒரு விஷயத்தை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஏஜென்டுகள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. 1978ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி, விவசாய நிலம் வாங்கும் வெளிநாட்டவர் 90 நாளுக்குள் மத்திய விவசாயத் துறைக்குப் படிவம் கொடுக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் இதில் வெளிநாட்டவர் இல்லை. எச்-1பியில் இருப்பவர் எத்தனை ஆண்டு இங்கே வரி கட்டியிருந்தாலும் வெளிநாட்டவர்தான். கலிபோர்னியாவில் பதிந்த அமெரிக்க நிறுவனம்தானே என்று நினைக்காதீர்கள். தனி ஒரு வெளிநாட்டவருக்கு 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் நிறுவனமும் படிவம் கொடுத்தாக வேண்டும். உங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கால் பங்கு என்றால் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கான அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். வாங்குவதற்கு இது தடை இல்லை, ஒரு படிவம், அவ்வளவே. ஆனால் எஸ்க்ரோ (நடுநிலையாளர் வழியாகப் பணமும் பத்திரமும் கைமாறும் நடைமுறை) முடிந்த களிப்பில் மறந்துவிடக் கூடியது.

காப்பீட்டை முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஒயின் வியாபாரி ஐசக் டி டர்க் 1891இல் தம் பந்தயக் குதிரைகளுக்காகச் சான்டா ரோசாவில் கட்டிய வட்டக் கொட்டகை இன்றும் நிற்கிறது. அதே ஊரின் ஃபவுன்டன்குரோவில் 1899இல் எழுந்த வட்டக் கொட்டகை 2017 அக்டோபரில் டப்ஸ் காட்டுத்தீயில் எரிந்துபோனது. தனியார் நிறுவனங்கள் கைவிரித்தால் மிஞ்சுவது ‘ஃபேர் பிளான்’ என்ற, கலிபோர்னியாவின் கடைசிப் புகலிடக் காப்பீட்டுத் திட்டம். குடியிருப்புச் சொத்துக்கு அதன் உச்சவரம்பு 30 லட்சம் டாலர். மீதிக்கு இன்னொரு பாலிசி வேண்டும், கிடைத்தால். காப்பீடு இல்லாமல் வங்கி கடனை வழங்காது. எழுத்தில் விலைப்புள்ளி வரும்வரை நிபந்தனைகளை நீக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.