ஹெடரைத் திறந்து பார்த்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்: மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் ஓடும் சி ஷார்ப் நிரலிலிருந்து சி, சி++ நூலகங்களை (விண்டோஸில் டிஎல்எல், லினக்ஸில் எஸ்ஓ ஃபைல்) கூப்பிடுவது, அதாவது பிஇன்வோக். அந்த நூலகத்தின் ஃபங்ஷன்கள் என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும் என்று எழுதி வைத்திருக்கும் ஃபைல்தான் ஹெடர். பாதிக் கடிதங்களில் எரர் மெசேஜே இல்லை. "வேலை செய்யல சார்" என்பது எரர் மெசேஜ் ஆகாது. இருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருள் என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. கடையில் இருக்கும் பழைய கணினியில் பேட்இமேஜ்ஃபார்மட் எக்ஸெப்ஷன் வருகிறது. டிஎல்எல் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: டிஎல்எல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. 64 பிட் புராசஸில் 32 பிட் டிஎல்எல் ஏறாது. 32 பிட்டில் 64ம் ஏறாது. நீங்கள் எனி சிபியு என்று விட்டிருப்பீர்கள், கடைக் கணினியில் 32 பிட் விண்டோஸ் இருக்கும். அங்கே உங்கள் நிரல் 32 பிட்டாக எழும்பி, கூட வந்த 64 பிட் டிஎல்எல்லைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்கிறது. இரண்டு டிஎல்எல்லும் வாங்கி, இரண்டு பில்ட் போடுங்கள்.

கேள்வி: டிஎல்எல் என் இஎக்ஸ்இ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் டிஎல்எல்நாட்ஃபவுண்ட் என்கிறது. கண் தெரியவில்லையா அதற்கு?

பதில்: அந்த மெசேஜை முழுதாகப் படியுங்கள். "இந்த டிஎல்எல், அல்லது அது சார்ந்திருக்கும் ஒன்று" என்று இருக்கும். யாரும் 'அல்லது' வரை போவதில்லை. உங்கள் டிஎல்எல் இருக்கிறது, அது தேடிப் போகும் இன்னொன்று இல்லை. பத்துக்கு எட்டு தடவை, விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் (சி++ நிரல்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் நூலகங்கள்) போடாத கணினிதான் காரணம். விண்டோஸில் டம்ப்பின் கருவியின் டிபென்டன்ட்ஸ், லினக்ஸில் எல்டிடி. இரண்டும் பட்டியலைக் கொடுத்துவிடும். டாக்கரில் ஆல்பைன் இமேஜ் வைத்திருப்பவர்களுக்கு: ஜிலிப்சி என்ற சி நூலகத்தை நம்பிக் கட்டிய எஸ்ஓ ஃபைல், அதற்குப் பதில் மஸ்ல் உள்ள ஆல்பைன் லினக்ஸில் சும்மா ஏறிவிடாது.

கேள்வி: நானே சி++இல் எழுதிய ஃபங்ஷன். பெயரும் சரி. என்ட்ரிபாயின்ட் கிடைக்கவில்லை என்கிறது.

பதில்: சி++ கம்பைலர் பெயரை உருமாற்றித்தான் வெளியே எழுதும். எக்ஸ்டர்ன் சி போட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டம்ப்பின் எக்ஸ்போர்ட்ஸில் தெரிவதுதான் உண்மையான பெயர்.

கேள்வி: வாடிக்கையாளர் பெயரில் ஃபோல்டர் போட்டு, அதற்குள் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைல் வைக்கிறோம். ஆங்கிலப் பெயர் என்றால் திறக்கிறது. தமிழ்ப் பெயர் என்றால் 14 என்று எரர் கோட் வருகிறது. எஸ்க்யூலைட்டுக்குத் தமிழ் ஆகாதா?

பதில்: எஸ்க்யூலைட்டுக்குத் தமிழ் நன்றாகவே ஆகும். டிஎல்எல் ஃபங்ஷனை சி ஷார்ப்பில் அறிவிக்க நீங்கள் எழுதிய டிஎல்எல்இம்போர்ட்டுக்குத்தான் ஆகவில்லை. ஸ்ட்ரிங்கை எந்த என்கோடிங்கில் அனுப்புவது என்று சார்செட்டில் எதுவும் சொல்லாமல் விட்டால், சி ஷார்ப் அதை ஆன்சி என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் ஆன்சி என்றால் அந்தக் கணினியின் கோட்பேஜ், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல். தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி கோட்பேஜ் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆகவே 'தமிழ்' என்று நீங்கள் அனுப்பினால் போய்ச் சேருவது ஐந்து கேள்விக்குறிகள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ஆளுக்கொன்று. கேள்விக்குறி விண்டோஸில் ஃபைல் பெயருக்குள் வரக்கூடாத குறி. விண்டோஸ் மறுக்கிறது, எஸ்க்யூலைட் "திறக்க முடியவில்லை" என்று 14ஐத் திருப்பித் தருகிறது.

இதற்கு உடனே சார்செட்டை யூனிகோட் என்று மாற்றுவீர்கள். வேண்டாம். அது யுடிஎஃப்-16ஆக அனுப்பும். பாதை எந்த டிரைவ் எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த ஓர் எழுத்துக்கு இரண்டு பைட், இரண்டாவது பைட் பூஜ்யம். சி மொழிக்குப் பூஜ்யம் என்றால் ஸ்ட்ரிங் முடிந்தது. ஓரெழுத்துப் பெயரில் ஒரு காலி டேட்டாபேஸ் எங்கேயோ உருவாகும், எரரும் வராது, டேபிள் எங்கே போச்சு என்று இரண்டு நாள் தேடுவீர்கள்.

எஸ்க்யூலைட் ஹெடரில், ஓப்பன் ஃபங்ஷனின் முதல் வாதத்துக்குப் பக்கத்திலேயே யுடிஎஃப்-8 என்று குறிப்பு எழுதியிருக்கிறது. ஹெடரைத் திறந்து பார்த்தீர்களா? அந்த வாதத்துக்கு, எந்த வடிவில் அனுப்புவது என்று சொல்லும் மார்ஷல்ஆஸ் போட்டு எல்பியுடிஎஃப்8ஸ்ட்ர் என்று கொடுங்கள். பஃபர் ஒதுக்கும் இடங்களிலும் கவனம்: 'தமிழ்' யுடிஎஃப்-16இல் 10 பைட், யுடிஎஃப்-8இல் 15 பைட். எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்குப் போட்டு ஒதுக்கினால் பக்கத்து மெமரியில் போய் எழுதும்.

அது சரி, எஸ்க்யூலைட்டுக்கு மைக்ரோசாஃப்ட்டே நியூகெட்டில் ஒரு பேக்கேஜ் வைத்திருக்கும்போது இதைக் கையால் எழுதுவானேன்?

கேள்வி: அதே எஸ்க்யூலைட்தான் சார். லிப்வெர்ஷன் ஃபங்ஷனை ஸ்ட்ரிங் திருப்பித் தருவதாக டிக்ளேர் செய்தேன். வெர்ஷன் சரியாக வருகிறது, ஆனால் சில சமயம் நிரல் செத்துவிடுகிறது.

பதில்: திரும்பி வரும் ஸ்ட்ரிங்கை டாட்நெட் நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை அதுவே ஃப்ரீ செய்துவிடும்: விண்டோஸில் கோடாஸ்க்மெம்ஃப்ரீ, லினக்ஸில் சாதாரண ஃப்ரீ. அந்த வெர்ஷன் ஸ்ட்ரிங்கோ எஸ்க்யூலைட்டின் சொந்த நிலையான மெமரி. வாடகை வீட்டை இடித்துவிட்டு வருகிற கதை. ஹெடரில் கான்ஸ்ட் சார் ஸ்டார் என்று இருந்தால் இன்ட்பிடிஆராக (வெறும் முகவரியாக) வாங்கி, பிடிஆர்டுஸ்ட்ரிங்யுடிஎஃப்8 கொடுத்துப் படியுங்கள். மெமரி யாருடையது, யார் விடுவிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பாயின்டருக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எடை மேடைக் கருவியின் டிஎல்எல்லுக்கு எங்கள் ஃபார்மில் உள்ள ஒரு மெத்தடைக் கால்பேக்காகக் கொடுத்திருக்கிறோம். எடை மாறும்போது அது எங்களைக் கூப்பிடும். டிபக் பில்ட் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. ரிலீஸில் பத்து இருபது நிமிடத்தில் மொத்த நிரலும் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. டிஎல்எல் தந்தவர்கள் தங்கள் பக்கம் தப்பில்லை என்கிறார்கள். இப்போதைக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருக்கிறோம்.

பதில்: தப்பு அவர்கள் பக்கம் இல்லை. உங்கள் பக்கம்தான்.

இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மறுபடியும் சொல்கிறேன். மெத்தட் பெயரை அப்படியே வாதமாகக் கொடுத்தால், அந்த இடத்தில் கம்பைலர் ஒரு புது டெலிகேட் ஆப்ஜெக்டை (மெத்தடைச் சுட்டும் ஆப்ஜெக்ட்) உருவாக்குகிறது. அதற்கு ஒரு சின்னப் பாலம் கட்டி, பாலத்தின் முகவரியை டிஎல்எல்லிடம் தருகிறது டாட்நெட். டெலிகேட் உயிரோடு இருக்கும்வரைதான் பாலமும் இருக்கும். டிஎல்எல் அந்த முகவரியைத் தன் மெமரியில் குறித்து வைத்திருப்பது, யாரும் பயன்படுத்தாததைத் துப்புரவு செய்யும் டாட்நெட்டின் கார்பேஜ் கலெக்டருக்கு (ஜிசி) தெரியாது. ஜிசி பார்ப்பது மேனேஜ்ட், அதாவது டாட்நெட் பக்கத்தை மட்டும். "இந்த டெலிகேட்டை யாரும் வைத்திருக்கவில்லையே" என்று பெருக்கித் தள்ளிவிடுகிறது. அடுத்த முறை லாரி மேடையில் ஏறும்போது டிஎல்எல் இல்லாத பாலத்தில் கால் வைக்கிறது.

டிபக்கில் லோக்கல் வேரியபிள்களை மெத்தட் முடியும்வரை ஜேஐடி (நிரல் ஓடும்போதே கம்பைல் செய்யும் பகுதி) பிடித்து வைத்திருக்கும். ரிலீஸில் கடைசியாகப் பயன்பட்ட வரியோடு கை கழுவிவிடும். "டிபக்கில் ஓடுது, ரிலீஸில் ஓடல" என்று ஒரு கடிதம் தொடங்கினாலே பாதிப் பதில் எனக்குத் தெரிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இடத்தில் இதே கதைக்காகக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். அவர்களும் டாஸ்க் ஷெட்யூலரில் ரீஸ்டார்ட் வைத்திருந்தார்கள். அதற்கு முன் யாரோ ராமை இரண்டு மடங்காக்கச் சொல்லியிருக்கிறார். ஆக்கினார்கள். க்ராஷ் குறைந்தது! ராம் கூடினால் ஜிசி அடிக்கடி ஓடாது, அவ்வளவுதான். "ராம்தான் பிரச்சினை" என்று கோப்பில் எழுதியே வைத்திருந்தார்கள். நான் மாற்றியது ஒரே வரி: டெலிகேட்டை கிளாஸின் ஒரு ஃபீல்டில் போட்டு, அந்த ஃபீல்டை டிஎல்எல்லிடம் கொடுத்தேன். பில் அனுப்பும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். அந்த ஃபீல்டு உள்ள ஆப்ஜெக்ட், டிஎல்எல் கால்பேக்கை வைத்திருக்கும் காலம் முழுக்க உயிரோடு இருக்க வேண்டும். ஃபார்மை மூடுமுன் டிஎல்எல்லிடம் பதிவை ரத்து செய்யுங்கள். மெத்தடின் கடைசியில் ஜிசி கீப்அலைவ் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூப்பிட்ட ஃபங்ஷன் திரும்பி வருவதற்குள்ளேயே கால்பேக் வேலை முடிந்துவிடும் என்றால்தான் அது போதும். டெலிகேட்டை 'பின்' செய்யவும், அதாவது மெமரியில் நகராமல் பிடித்து வைக்கவும் தேவையில்லை. செய்ய முயன்றால் எக்ஸெப்ஷன்தான் வரும்.

சோதிப்பது எளிது. பதிவு செய்த மெத்தட் முடிந்ததும் ஜிசி கலெக்ட்டை வேண்டுமென்றே கூப்பிடுங்கள். சாகிற நிரல் உங்கள் மேசையிலேயே செத்துவிடும், கடையில் போய்ச் சாகாது. இந்தச் சோதனையை முடித்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள், அதை ரிலீஸோடு அனுப்பியவர்களும் உண்டு.

இன்னும் இரண்டு விஷயம். கால்பேக் டிஎல்எல்லின் த்ரெட்டில் வரலாம், அங்கிருந்து ஃபார்மின் லேபிளைத் தொடாதீர்கள், ஃபார்மின் த்ரெட்டுக்கு இன்வோக் செய்யுங்கள். கால்பேக்குக்குள் எழும் எக்ஸெப்ஷனை உள்ளேயே பிடித்துவிடுங்கள், நேட்டிவ் (சி, சி++) பக்கம் தப்ப விடக்கூடாது. டாட்நெட் 5 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள் ஸ்டாட்டிக் மெத்தடுக்கு அன்மேனேஜ்ட்காலர்ஸ்ஒன்லி போட்டு ஃபங்ஷன் பாயின்டராகக் கொடுக்கலாம். அங்கே டெலிகேட்டே இல்லை, பெருக்கித் தள்ளவும் ஒன்றுமில்லை.

கேள்வி: சி++ ஃபங்ஷன் ஃபால்ஸ் திருப்பித் தந்தாலும் சி ஷார்ப்பில் ட்ரூ என்றே வருகிறது. என்ன மாயம்?

பதில்: சி++ பூல் ஒரு பைட். டாட்நெட் மார்ஷலிங்கில் (இரு பக்கத்துக்கும் நடுவே மதிப்புகளை மாற்றி அனுப்புவதில்) பூல் இயல்பாக நான்கு பைட், விண்டோஸின் பழைய பூல் வகையைப் போல. சி++ ஒரு பைட்டை மட்டும் பூஜ்யமாக்குகிறது, மீதி மூன்றில் பழைய குப்பை. குப்பை பூஜ்யம் இல்லை என்றால் ட்ரூ. ரிட்டர்னுக்கு மார்ஷல்ஆஸ் ஐ1 கொடுங்கள்.

கேள்வி: விண்டோஸில் சரியாக வரும் ஸ்ட்ரக்ட், லினக்ஸில் கன்னாபின்னா எண்களைக் காட்டுகிறது. கோட் ஒன்றுதான்.

பதில்: சி லாங் விண்டோஸில் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8. சி ஷார்ப் லாங் எங்கே போனாலும் 8. டாட்நெட் 6இல் இருந்து சிலாங் என்று ஒரு டைப் இருக்கிறது, அதைப் போடுங்கள். இரண்டு பக்கமும் சைஸ்ஆஃப் அச்சிட்டு ஒப்பிட்டீர்களா? ஒப்பிட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கேள்வி: ஆக்ஸஸ்வயலேஷனை ட்ரை-கேட்ச்சில் பிடிக்க முடியவில்லையே?

பதில்: பிடிக்கக் கூடாது. மெமரி எங்கே கெட்டது என்று தெரியாமல் தொடர்ந்து ஓடி, தப்பான பில் அச்சடிப்பதற்கு, சாவதே மேல். புது டாட்நெட்டில் பிடிக்கவும் வழியில்லை.

கேள்வி: பிஇன்வோக் ரொம்ப ஸ்லோ என்று டீம் லீட் சொல்கிறார். ஒரு படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சி ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம்.

பதில்: இன்ட் போன்ற எளிய வாதங்கள் என்றால் ஒரு அழைப்புக்கு ஆகும் கூடுதல் நேரம் பத்து நானோவினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920க்கு 1080 படத்தில் சுமார் 20 லட்சம் பிக்சல். பெருக்கினால் 20 மில்லிவினாடி. வினாடிக்கு 30 ஃப்ரேம் வீடியோ என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் வாசலைத் தாண்டுவதிலேயே போகிறது. பைட் அரேயை மொத்தமாக ஒரே தடவை கொடுங்கள். அது நகல்கூட எடுக்கப்படாது, இருக்கும் இடத்திலேயே பின் செய்து முகவரி மட்டும் போகும். டீம் லீடிடம் பிஇன்வோக் ஸ்லோ இல்லை, லூப்தான் தப்பான பக்கத்தில் இருக்கிறது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: விண்டோஸின் கடைசி எரர் எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எரரை பிஇன்வோக் செய்தால் சில சமயம் 0 வருகிறது.

பதில்: நடுவில் டாட்நெட்டே வேறு வேலைக்கு விண்டோஸைக் கூப்பிட்டு அந்த எண்ணை மாற்றிவிடும். செட்லாஸ்ட்எரர் ட்ரூ போட்டு, மார்ஷல் கிளாஸில் உள்ள கெட்லாஸ்ட்வின்32எரரைக் கேளுங்கள்.

கேள்வி: டிஎல்எல்இம்போர்ட்டை எல்லாம் லைப்ரரிஇம்போர்ட்டாக மாற்றச் சொல்லி விஷுவல் ஸ்டூடியோ நச்சரிக்கிறது. மாற்றவா?

பதில்: டாட்நெட் 7 அல்லது மேலே இருந்தால் புதிதாக எழுதுவதை அதில் எழுதுங்கள். மார்ஷலிங் கோடை கம்பைல் நேரத்திலேயே எழுதிவிடும், திறந்து படிக்கலாம், நிரலை முன்கூட்டியே மெஷின் கோடாகக் கம்பைல் செய்யும் நேட்டிவ் ஏஓடிக்கும் ஒத்துவரும். ஸ்ட்ரிங் என்றால் எந்த என்கோடிங் என்று உங்களையே சொல்லச் சொல்லும். மேலே தமிழ் ஃபோல்டர்காரர் இதில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பார். ஓடிக்கொண்டிருக்கும் பழையதை ஒரே ராத்திரியில் மாற்றாதீர்கள். சிக்னேச்சர் தப்பாக இருந்தால் அதுவும் தப்பாகத்தான் கூப்பிடும். ஹெடர் படிப்பது உங்கள் வேலை.

கேள்வி: நான் ஜாவா. எனக்கு எதுவும் இல்லையா?

பதில்: உண்டு. ஜேடிகே 22இல், 2024 மார்ச்சில், ஃபாரின் ஃபங்ஷன் அண்டு மெமரி ஏபிஐ நிரந்தரமாகிவிட்டது. பழைய வழியான ஜேஎன்ஐ பக்கம் போகாமல் நேராக சி ஃபங்ஷனைக் கூப்பிடலாம். மெமரியை ஒதுக்கி, மூடும்போது விடுவிக்கும் அரீனா எப்போது மூடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாவாவிலும் மெமரி யாருடையது என்ற கேள்வி தப்பாது.

கேள்வி: சார் அவசரம். டிஎல்எல் கால் பண்ணா எரர் வருது. கோட் அனுப்புங்க.

பதில்: தம்பி, எந்த டிஎல்எல், எந்த ஃபங்ஷன், என்ன எரர்? செல்போனில் சாய்த்து எடுத்த திரைப் படத்தில் எரர் மெசேஜின் வலது பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. மெசேஜை எழுத்தாக ஒட்டி, கூடவே அந்த ஃபங்ஷனுக்கு ஹெடரில் இருக்கும் வரியையும் அனுப்புங்கள். அடுத்த முறை உங்களிடமிருந்து தொடங்குகிறேன்.