வாசகர் கேள்வி பதில்: பாடகரே இல்லாத ஆல்பம்

கேள்வி: அமெரிக்க கிதாரிஸ்ட் ஸ்டீவ் வையோட 'இன்வயலேட்' ஆல்பத்த ஃப்ரெண்ட் அனுப்பினான். 9 ட்ராக், ஒரு வரி பாட்டு கூட இல்ல, முழுக்க கிதார்தான். ரெண்டாவது ட்ராக்லயே என் கவனம் எங்கயோ போயிடுது. இத எப்படி சார் கேக்கறது? – வாசகர், ஈரோடு

பதில்: வரிசையா கேக்காதீங்க. நேரா 'நாப்சாக்'ங்கற ட்ராக்குக்கு போங்க. வலது தோள்ல ஆபரேஷன் ஆகி கைய கட்டித் தொங்கவிட்டிருந்த நேரத்துல, மனுஷன் இடது கையால மட்டுமே வாசிச்சு ரெக்கார்ட் பண்ணது அது, ஆபரேஷன் பண்ண டாக்டர் அந்தக் கைக்கட்டுக்கு வச்ச பேர்தான் ட்ராக்குக்கும் பேரு. மீட்டறதுக்கு கை இல்லாம சத்தம் எங்கேர்ந்து வருதுன்னா, விரல ஃப்ரெட் (கிதார் கழுத்துல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) மேல ஓங்கி வச்சா கம்பி அதிரும், எடுக்கும்போது லேசா கொக்கி போட்டு இழுத்தா மறுபடி அதிரும், ஹாமர் ஆன் புல் ஆஃப்னு சொல்றாங்களே அது இதுதான். சாதா கிதார்ல இப்படி வாசிச்சா பக்கத்துல உக்காந்திருக்கவருக்குத்தான் ஒழுங்கா கேக்கும். ஆம்ப்ல, அதாவது கிதார் ஒலிபெருக்கில, கெய்ன (சிக்னலோட பலத்த) ஏத்தி டிஸ்டார்ஷன் (கரகரப்பு) போட்டா மெல்ல விழுந்த அடியும் பலமான அடியும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துடும், நோட்டும் உடனே அடங்காம நீண்டு நிக்கும். அந்த நீளம் இருக்கறதாலதான் ராக் கிதாரால ஒரு பாடகர் மாதிரி மூச்சு பிடிச்சு பாட முடியுது.

அடுத்து 'கேண்டில் பவர்' போடுங்க. அதுல டிஸ்டார்ஷனும் இல்ல, கம்பிகளோட சுருதிய ஆட்டற கைப்பிடியான வாமி பாரும் இல்ல. ரெண்டு மூணு கம்பிய சேத்துப் பிடிச்சு அதுல ஒண்ண மட்டும் வளைப்பாரு. வீணைல கமகம் கேட்டுப் பழகின காது அந்த வளைவ சட்டுனு பிடிச்சுக்கும்.

கேள்வி: மூணு கழுத்து கிதார்லாம் வெறும் ஸ்டண்ட்தானே? – வாசகி, நாகர்கோவில்

பதில்: ஸ்டீவ் வைக்கு ஐபனெஸ் கிதார் கம்பெனி செஞ்சு குடுத்த 'ஹைட்ரா'வ சொல்றீங்க. 12 கம்பி, 7 கம்பி, 4 கம்பி பேஸ்னு மூணு கழுத்து, அது போக ஹார்ப் மாதிரி தனியா 13 கம்பி. அத அவர் வாசிக்கற வீடியோவ ஒருதடவ பாருங்க, அப்புறம் கண்ண மூடிட்டு கேளுங்க, பேஸ் விட்ட இடத்துல மெலடி வந்து எடுத்துக்கறது தெரியும். ஸ்டண்ட் மட்டும்னா அந்தக் கோர்வை வராதுங்க. ஆனா மனசுக்கு நெருக்கம்னு கேட்டா எனக்கு 'கேண்டில் பவர்'தான்.

கேள்வி: இந்த வகைல புதுசா கேக்க ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரே ஒரு ஆல்பம்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: கிதாரிஸ்ட் ஜோ சாட்ரியானியோட 1987 ஆல்பம் 'சர்ஃபிங் வித் தி ஏலியன்'னு சொல்ல வாய் வருது, சின்ன வயசுல ஸ்டீவ் வைக்கு கிதார் சொல்லிக்குடுத்ததே அவர்தான். ஆனா ஒண்ணே ஒண்ணுன்னா இங்கிலாந்து கிதாரிஸ்ட் ஜெஃப் பெக்கோட 'ப்ளோ பை ப்ளோ', 1975. பீட்டில்ஸ் ஆல்பங்கள தயாரிச்ச ஜார்ஜ் மார்ட்டின்தான் இதுக்கும் தயாரிப்பு, பாட்டே இல்லாத ஆல்பம் அமெரிக்கா சார்ட்ல 4வது இடம் வரைக்கும் போச்சு. அதுல ஸ்டீவி வொண்டர் எழுதின 'காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவ்வர்ஸ்' இருக்கு, ராத்திரி லைட்ட அணைச்சுட்டு கேளுங்க. ஆரம்பத்துல கம்பிய அடிக்கற சத்தமே கேக்காது, வால்யூம் நாப்ப மெல்லத் திறக்கத் திறக்க நோட்டு விசும்பற மாதிரி உள்ளேர்ந்து எழுந்து வரும்.