பனியன் கம்பெனி அலுவலகத்துக்கு லினக்ஸ் ஒத்துவருமா?

கேள்வி: திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தையல் யூனிட் நடத்துகிறேன். அலுவலகத்தில் ஐந்து கம்ப்யூட்டர்கள் உள்ளன. எல்லாம் 2016, 2017-இல் வாங்கியவை, விண்டோஸ் 10-இல் ஓடுகின்றன. ஒன்றில் டேலி கணக்கு மென்பொருள், ஒன்றில் டிசி (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) போடுகிறோம். மற்ற மூன்றில் மெயில், வாட்ஸ்அப், ஈ-வே பில், சம்பளக் கணக்கு. விண்டோஸ் 11 இவற்றில் ஏறாது, ஐந்தையும் மாற்றிவிடுங்கள் என்கிறார் சர்வீஸ் பார்ப்பவர். கல்லூரியில் படிக்கும் என் மகனோ விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் போதும், ஒரு பைசா செலவில்லை என்கிறான். கம்ப்யூட்டர் படிக்காத எங்கள் ஆட்களால் அதில் வேலை செய்ய முடியுமா? அது அவ்வளவு நல்லது என்றால் ஏன் யாரும் அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை? வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் மகளின் கம்ப்யூட்டரிலும் அதையே போடலாமா?

பதில்: சர்வீஸ் பார்ப்பவர் சொன்ன தகவல் சரியானது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாக அளித்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டன. கம்ப்யூட்டர் வழக்கம்போல் ஓடும் என்றாலும், இனிப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும்; நெட் பேங்கிங்கும் ஜி.எஸ்.டி கணக்கும் திறக்கப்படும் கம்ப்யூட்டரை அந்த நிலையில் நீண்ட நாள் விட்டுவைக்கக் கூடாது. பணம் கட்டிப் புதுப்பிப்புகளை நீட்டித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் நிறுவனங்களுக்கான அந்தக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. நீங்கள் வாங்கிய ஆண்டுகளைப் பார்த்தால் உங்களுடையவை ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறையாகவே இருக்க வேண்டும். அதற்காக ஐந்தையும் தூக்கிப் போட வேண்டும் என்ற முடிவுதான் அவசரமானது.

உங்கள் மகன் சொல்வதும் பெரும்பாலும் உண்மை. உங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட். 2024-இல் வெளியான அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு; 2 ஜி.பி ராமிலேயே எழுந்து நிற்கும் என்று அதை உருவாக்குவோர் குறிப்பிடுகிறார்கள். ஆயினும் இன்றைய பிரவுசர்கள் அத்தனையும் ராமைத் தின்பவை என்பதால் 8 ஜி.பி ராமும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான ஓர் எஸ்.எஸ்.டி-யும் போட்டுவிடுங்கள். ஒரு பைசா செலவில்லை என்பது அந்த அளவில் சரியில்லை. ஆனால் ஐந்து புதிய கம்ப்யூட்டர்களின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான்.

ஆட்களால் வேலை செய்ய முடியுமா என்ற கவலையை விட்டுவிடுங்கள். உங்கள் செக்கிங் சூப்பர்வைசர் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிப்படையே லினக்ஸ்தான். மின்ட்டில் மெனு இடது கீழ் மூலையில் இருக்கும், பிரவுசர் அதே குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸாக இருக்கும், வாட்ஸ்அப் அதற்குள் திறக்கும். ஈ-வே பில், ஜி.எஸ்.டி, பி.எஃப், ஈ.எஸ்.ஐ ஆகிய தளங்களின் அன்றாட வேலைகள் பிரவுசரிலேயே நடப்பவை. பையர் அனுப்பும் டெக் பேக், அதாவது ஆடையின் அளவும் தையல் விவரமும் அடங்கிய கோப்பு, பி.டி.எஃப் ஆகவோ எக்ஸெலாகவோ வரும், இரண்டும் திறக்கும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொடுக்கவும் முடியும். இதையெல்லாம் ஒருவர் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகாது.

அப்படியானால் ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்ற உங்கள் கேள்விக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு அதற்குள் இருக்கிறது. 1991-இல் பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்திலும், இணையத்தைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவற்றிலும் ஓடுகிறது. மேசைக் கம்ப்யூட்டர்களிலோ, இணையப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் ஸ்டேட்கவுன்ட்டர் நிறுவனத்தின் கணக்கின்படி உலக அளவில் அதன் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டியதே 2024 பிப்ரவரியில்தான். தரம் போதாது என்பதால் இப்படி ஆனது என்றால் சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் அது தோற்றிருக்க வேண்டும். சாதாரணமானவர்கள் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. பெட்டியோடு வருவதைப் பயன்படுத்துகிறார்கள், அது கெட்டால் தெருமுனைக் கடைக்காரருக்குத் தெரிந்ததைப் போட்டுக்கொள்கிறார்கள். உரிமம் வாங்காத விண்டோஸைப் போட்டுக்கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கும்வரை, லினக்ஸின் இலவசம் என்ற பெருமைக்கு இங்கே மதிப்பில்லை. அந்தப் போலி விண்டோஸைத் திறக்கப் பயன்படுத்தும் கோப்புகளோடு வைரஸும் சேர்ந்து வருவது, கணக்குகளெல்லாம் பூட்டப்பட்டுப் பணம் கேட்டு மிரட்டும் செய்தி திரையில் தோன்றும்போதுதான் தெரியவரும்.

பெட்டியோடு வந்தும் நிலைக்காத கதையும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் சேர்த்தே மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. என்னிடம் பழுதுக்கு வந்த அந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் பாஸ் இருந்த இடமே தெரியாது. யாரோ அழித்துவிட்டு அந்த இடத்தைப் படங்களும் பாடல்களும் வைக்கப் பயன்படுத்தியிருப்பார்கள். வாளையாறைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளத்து அரசுப் பள்ளிகள் 2000-களின் பிற்பகுதியிலிருந்து லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகின்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடநூல், தேர்வு எல்லாம் அதை வைத்தே அமைந்திருக்கின்றன. இரண்டு இடங்களிலும் மென்பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார், இங்கே அந்த மாணவருக்கு யாரும் இல்லை.

வெளிநாட்டு அனுபவங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்புவதென மாமன்றம் வாக்களித்தது. பிரான்சின் ழாந்தார்மரி என்ற காவல் படை வேறு வரிசையில் போயிற்று. அவர்கள் 2005-இல் விண்டோஸில் இருந்தபடியே எம்.எஸ் ஆபீஸை விட்டு இலவச மென்பொருளான ஓப்பன் ஆபீஸுக்கும், அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸுக்கும் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளுக்கும் மாறினார்கள். ஆட்கள் அவற்றில் கைதேர்ந்த பிறகு 2008-இலிருந்துதான் இயங்குதளத்தை மாற்றத் தொடங்கினார்கள். அங்கே லினக்ஸ் இன்றும் ஓடுகிறது. மியூனிக் திரும்பியதற்கு அரசியல் காரணங்களும் சொல்லப்படுகின்றன என்றாலும், உங்களைப் போன்ற சிறிய அலுவலகம் பின்பற்ற வேண்டியது பிரெஞ்சுக் காவல் படையின் வரிசையைத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே ஐந்து கம்ப்யூட்டர்களையும் ஒரே கேள்வியாகப் பார்க்காமல், ஒவ்வொரு நாற்காலியையும் தனித்தனியாகப் பாருங்கள். டேலி ஓடும் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றாதீர்கள். டேலி பிரைம் விண்டோஸுக்காக உருவாக்கப்பட்டது. வைன் என்ற இடைமென்பொருளின் துணையோடு லினக்ஸில் அதை ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு, ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் அது மக்கர் செய்தால் உங்கள் ஆடிட்டரும் உதவ மாட்டார், டேலி பார்ட்னரும் உதவ மாட்டார். அந்த ஒன்றை மட்டும் உரிமத்துடன் கூடிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டராகப் புதிதாக வாங்கிவிடுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் அதையும் அதிலேயே பயன்படுத்துங்கள். தனிநபர் உரிமையாளர் நிறுவனம் என்றால் ஜி.எஸ்.டி ரிட்டர்னை ஓ.டி.பி மூலமே தாக்கல் செய்யலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் டோக்கன் கட்டாயம். டேலி சந்தா நடப்பில் இருந்தால் அதன் அறிக்கைகளை எந்தக் கம்ப்யூட்டரின் பிரவுசரிலும் பார்க்கும் வசதி இருக்கிறது, ஆகவே நீங்கள் லினக்ஸில் உட்கார்ந்தபடியே பாக்கிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம். டிசைன் வரையும் கோரல் டிராவோ பேட்டர்ன் போடும் கேட் (CAD) மென்பொருளோ பின்னாளில் சேர்ந்தால் அவையும் விண்டோஸ் பக்கம்தான்.

டிசி போடும் கம்ப்யூட்டர்தான் நின்று யோசிக்க வேண்டியது. எதில் டிசி போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உள்ளூர் புரோகிராமர் எப்போதோ விஷுவல் பேசிக்கில் எழுதிக்கொடுத்ததாக இருந்தால் அதை விண்டோஸிலேயே விட்டுவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரின் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். டிசி போட இணையம் தேவையில்லை. எக்ஸெலில் போடுகிறீர்கள் என்றால், எம்.எஸ் ஆபீஸுக்கு மாற்றான இலவச லிப்ரே ஆபீஸில் அதே கோப்பு திறக்கும். பிரிண்டர் டி.வி.எஸ் அல்லது எப்சன் டாட் மேட்ரிக்ஸாக இருந்தால், எப்சன் 9-பின் டிரைவரைத் தேர்ந்தெடுத்து, உங்கள் அச்சடித்த டிசி தாளின் நீள அகலத்தைத் தனி அளவாகப் பதிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு டிசியும் சிறிது சிறிதாக இறங்கி, பத்தாவது டிசியில் பீஸ் எண்ணிக்கை அடுத்த கட்டத்தில் போய் விழும். இந்த டிரைவர் எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்புவதால் அச்சு மெதுவாக நடக்கும். எழுத்தை அப்படியே அனுப்பும் முறையும் உண்டு, அது வேகமானது. ஆனால் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து கிடையாது என்பதால், பார்ட்டி பெயரைத் தமிழில் அச்சிடுபவர்களுக்கு அது உதவாது.

லேசர் பிரிண்டர்களைப் பொறுத்தவரை, ஹெச்.பி மாடல்களில் மிகப் பெரும்பாலானவை எளிதாக இணையும். நம் அலுவலகங்களில் அதிகம் காணப்படும் கேனன் எல்.பி.பி 2900 வேறு மொழி பேசும் பிரிண்டர். அதற்கான டிரைவரை லினக்ஸில் நிறுவுவது அனுபவசாலிகளையே அரைநாள் உட்கார வைக்கும். உங்களிடம் இருப்பது அதுவென்றால் அதை டேலி கம்ப்யூட்டரில் இணைத்துவிடுங்கள்.

மற்ற மூன்று கம்ப்யூட்டர்களையும் தயங்காமல் மாற்றலாம், ஆனால் உடனே வேண்டாம். விண்டோஸ் இருக்கும்போதே லிப்ரே ஆபீஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் போட்டு, இரண்டு மாதம் எல்லா வேலையையும் அவற்றிலேயே செய்யச் சொல்லுங்கள். பீஸ் ரேட் சம்பளக் கணக்கில் மேக்ரோ (எக்ஸெல் தானாகச் செய்யும்படி எழுதிய கட்டளைகள்) எழுதப்பட்டிருந்தால் அது சரியாக ஓடாமல் போக வாய்ப்புண்டு. சாதாரணக் கூட்டலும் வி-லுக்கப்பும் ஓடும். பழைய தமிழ்க் கடிதங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கடிதம் கெட்டுவிட்டதென்று யாரும் அழித்துவிடக் கூடாது. எழுத்துருக் கோப்பைப் புதிய கம்ப்யூட்டரில் நகலெடுத்தால் மீண்டும் தமிழாகத் தெரியும். இனி எழுதுபவற்றை யூனிகோடில் எழுதுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் பழைய தட்டச்சு விசைப்பலகையும் லினக்ஸில் கிடைக்கின்றன.

அதன் பின்னர் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், ஸ்கேனர், தமிழ்த் தட்டச்சு, போனிலிருந்து படம் இறக்குவது ஆகியவை சரியாக நடந்தால் கோப்புகளைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நிறுவுங்கள். அந்த வேலையை வார இறுதியில் வைத்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமைச் சம்பளம் தடைபட்டால் அதன் பிறகு லினக்ஸ் என்ற பெயரையே உங்கள் ஆட்கள் கேட்க விரும்ப மாட்டார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், கெட்டால் வந்து பார்ப்பவர் யார் என்பதை முடிவு செய்யுங்கள். உங்கள் மகனின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அவர் கல்லூரியில் இருக்கும்போது அலுவலகத்தில் பிரிண்டர் நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? உங்கள் சர்வீஸ் பார்ப்பவரிடமே வெளிப்படையாகப் பேசுங்கள். மூன்று கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸிலும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். புதிய கம்ப்யூட்டர் விற்பனை போனாலும் தொடர் வருமானம் கிடைப்பதால் பலர் கற்றுக்கொள்ள முன்வருவார்கள். அவர் மறுத்து, வேறு ஆளும் கிடைக்கவில்லை என்றால், மாற்றத்தைத் தள்ளிப் போடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. லினக்ஸ் வளர வேண்டும் என்று மனமார விரும்புகிறவன் நான். அதனால்தான் பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்தில் அதைப் போட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மகளின் கம்ப்யூட்டரில் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மின்ட்டையும் நிறுவி, தொடங்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளும்படி அமைத்துக் கொடுங்கள். பாடம் பார்க்க, எழுத, புரோகிராம் பழக மின்ட்டே போதும். ஆனால் சில கல்வி நிறுவனங்கள் ஆன்லைன் தேர்வுக்குக் கண்காணிப்பு மென்பொருளைக் கட்டாயமாக்குகின்றன, அவற்றில் பல விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆகவே தேர்வு அறிவிப்பு வந்தவுடன் எந்த இயங்குதளம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.