பதில்: திருப்பூர் சர்வரில் கோப்பு முறைமைச் சோதனை தொடங்கியதும் நின்றுவிடுகிறது

நண்பரே, முதலில் ஒன்று: உங்கள் வட்டு கெடவில்லை. கோயம்புத்தூரில் புதிய கணினியில் ஸ்டாட்டிக்காக (தேவையான நூலகங்களையும் உள்ளே சேர்த்து) தொகுத்த சோதனைக் கருவியைத் திருப்பூர் பனியன் கம்பெனி சர்வரின் 4.4 லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓட்டியதாகவும், கோப்பின் பகுதியை நகலெடுக்கும் காபி_ஃபைல்_ரேஞ்ச் அழைப்பு பிழை எண் 38 தருவதாகவும் எழுதியிருந்தீர்கள். 38 என்றால் அந்த அழைப்பே கெர்னலில் இல்லை என்று பொருள். அது 2016இல், 4.5 பதிப்பில்தான் வந்தது.

தொகுக்கும்போது செய்யும் சோதனை உங்கள் கோயம்புத்தூர் கணினியைப் பற்றித்தான் சொல்லும். ஓடும் இடத்தில்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் எஃப்எஸ்எக்ஸ் கருவி, கோப்புக்கு இடம் ஒதுக்கும் ஃபாலோகேட் அழைப்புக்குச் செய்வதைப் பாருங்கள்: தொடக்கத்திலேயே சோதனைக் கோப்பின் மீது ஒருமுறை அழைத்துப் பார்த்து, ஆதரவு இல்லையென்றால் அந்தச் செயலை அணைத்துவிட்டு மற்றவற்றைத் தொடர்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் சோதிக்கப்போகும் கோப்பு முறைமை இணைக்கப்பட்டுள்ள அதே மவுன்ட்டில் செய்யுங்கள். தற்காலிகக் கோப்புகளுக்கான /டிஎம்பி வேறு கோப்பு முறைமையாக இருக்கலாம்.

பிழை எண்களைக் கலந்துவிடாதீர்கள். 38 வந்தால் கெர்னலுக்குத் தெரியாது. 95 வந்தால் பெரும்பாலும் அந்தக் கோப்பு முறைமைக்கு இயலாது. இரண்டையும் 'தவிர்க்கப்பட்டது' என்று பதிவு செய்யலாம், 'வெற்றி' என்று ஒருபோதும் வேண்டாம். 22 வந்தால் தவிர்க்காதீர்கள், உங்கள் அளவுகள் தவறாக இருக்கலாம்: எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் கொலாப்ஸ் ரேஞ்ச் (கோப்பின் நடுவில் ஒரு பகுதியை நீக்கும் ஃபாலோகேட் செயல்) பிளாக் அளவின் மடங்குகளையே ஏற்கும். கன்டெய்னருக்குள் 1 வந்தால் அழைப்புகளைத் தடுக்கும் செக்காம்ப் வடிகட்டியைச் சந்தேகியுங்கள்.

போசிக்ஸ்_ஃபாலோகேட்டை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். ஆதரவு இல்லாதபோது ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) தானே கோப்பில் எழுதி ஈடுகட்டிவிடும். ஆதரவு இல்லை என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

திருத்திய பிறகு, புதிய கணினியிலேயே கெர்னல் அழைப்புகளைக் கண்காணிக்கும் எஸ்ட்ரேஸ் கருவியின் இன்ஜெக்ட் வசதியால் 38ஐத் திணித்து ஓட்டிப் பாருங்கள். புது வட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் இன்றே நிறுத்திவையுங்கள்.